கண்ணைப் பறிக்கும் சோதனை கருத்தில் நிற்குமா?

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் கட்டாயம் போயிருப்பீர்கள். எந்த அறையின் வாசலில் கூட்டம் நெரிகிறதோ, எந்த அறையிலிருந்து புகையும் கைதட்டலும் வருகின்றனவோ, அதுதான் வேதியியல் அறை என்று கேட்காமலே சொல்லிவிடலாம். எரிமலை கக்கும், நுரை பொங்கும், தீப்பொறி பறக்கும். பக்கத்து அறையில் தவளையின் எலும்புக்கூட்டை வைத்துக்கொண்டு நிற்கும் விலங்கியல் மாணவன் பொறாமையோடு எட்டிப் பார்ப்பான்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்படியொரு கண்காட்சிக்கு நான் நடுவராகப் போயிருந்தேன். விளையாட்டுத் திடலின் ஓரத்தில் மணல் நிரப்பிய இரும்புச் சட்டி ஒன்று வைத்திருந்தார்கள். அதன்மேல் ஒரு சிறிய மூசை. மூசைக்குள் சிவந்த தூளும் வெள்ளிநிறத் தூளும் கலந்த கலவை. அதில் செருகிய மெக்னீசியம் நாடா. ஆசிரியர் நாடாவில் தீயைப் பற்றவைத்துவிட்டு விலகி ஓடினார். நாடா எரிந்து கலவையைத் தொட்டதும் கண் கூசும் ஒளி. சீறிப் பறந்த பொறிகள். மூசையின் அடி உடைந்து வெள்ளையாகப் பழுத்த குழம்பு மணலில் இறங்கியது. கூடியிருந்த எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு கூட்டத்தில் நின்ற ஏழெட்டு மாணவர்களைத் தனித்தனியே அழைத்து, “என்ன நடந்தது?” என்று கேட்டேன். “வெடிச்சது சார்” என்றான் ஒருவன். “மெக்னீசியம் எரிஞ்சது சார்” என்றாள் இன்னொருத்தி. “இரும்பு உருகி ஓடிச்சு சார்” என்றான் மூன்றாமவன். பரவாயில்லையே என்று நினைத்து, “அந்த இரும்பு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டேன். அவன் தயங்காமல் பதில் சொன்னான்: “சட்டியிலிருந்து சார்.”

அலுமினியம் இரும்பு ஆக்ஸைடிலிருந்து ஆக்ஸிஜனைப் பெற்று இரும்பை விடுவித்தது என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சோதனையின் முன் வைத்திருந்த அட்டையில் ‘உலோக இடப்பெயர்ச்சி வினை’ என்றுதான் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

இந்தக் கட்டுரை அந்த அட்டைக்கும் அந்த மாணவனின் பதிலுக்கும் இடையே உள்ள தூரத்தைப் பற்றியது.

எது எதை இடம்பெயர்க்கிறது?

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மயில்துத்தத்தைத் தண்ணீரில் கரைத்தால் நீலக் கரைசல் கிடைக்கும். வேதியியலில் இதற்குத் தாமிர சல்பேட் என்று பெயர். அதில் இரும்பு ஆணியைப் போட்டால் ஆணியின்மேல் செம்பு படியும். ஆணியிலிருந்து இரும்பு கரைசலுக்குள் போகும். செம்பு இருந்த இடத்தை இரும்பு பிடித்துக்கொள்வதால் இதை இடப்பெயர்ச்சி வினை என்கிறோம். எந்த உலோகம் எதை இடம்பெயர்க்கும் என்பதை வரிசைப்படுத்தினால் வினைத்திறன் வரிசை கிடைக்கிறது. ரஷ்ய வேதியியலர் நிக்கொலாய் பெக்கெத்தோவ் 1865-ஆம் ஆண்டிலேயே இத்தகைய வினைகளை ஆராய்ந்து உலோகங்களை வரிசைப்படுத்திக் காட்டினார்.

இதை விளக்கும்போது நம் வகுப்பறைகளில் வழக்கமாக ஓர் உவமை சொல்வதுண்டு. பேருந்து இருக்கையில் ஒரு நோஞ்சான் உட்கார்ந்திருக்கிறான்; ஒரு பலசாலி வந்து அவனைத் தள்ளிவிட்டு உட்காருகிறான்; இரும்பு பலசாலி, செம்பு நோஞ்சான். உவமை நினைவில் நிற்கும். ஆனால் நடப்பது இதுவன்று. இரும்பு அணு யாரையும் தள்ளுவதில்லை. தன்னிடமுள்ள இரண்டு எலெக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுத் தான் அயனியாகிக் கரைசலுக்குள் போகிறது. அந்த எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்ட செம்பு அயனி, அணுவாகி ஆணியின்மேல் அமர்கிறது. இங்கே ‘வலிமை’ என்பது பறிக்கும் வலிமையன்று, கொடுக்கும் வலிமை. எலெக்ட்ரானை எளிதில் கொடுக்கும் உலோகம் வரிசையில் மேலே இருக்கிறது. கொடுக்கத் தயங்கும் தங்கம் அடியில் இருக்கிறது. தள்ளுமுள்ளு உவமையில் பழகிய மாணவன் பின்னால் மின்கலத்தைப் படிக்கும்போது, எலெக்ட்ரான் ஏன் துத்தநாகத்திலிருந்து புறப்படுகிறது என்று புரியாமல் திண்டாடுகிறான்.

இனி, திடலில் நடந்த சோதனைக்கு வருவோம்.

தெர்மிட் மறைக்கும் செய்திகள்

அலுமினியத் தூளும் இரும்பு ஆக்ஸைடும் கலந்த கலவைக்குத் தெர்மிட் என்று பெயர். இதைத் தொழிலுக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மானிய வேதியியலர் ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட். 1895-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1899-இல் எஸ்ஸன் நகரத்தில் டிராம் தண்டவாளங்களை இம்முறையில் பற்றவைத்தார்கள். இன்றும் நம் நாட்டு இருப்புப் பாதைகளில் தண்டவாளத்தைத் தண்டவாளத்தோடு இணைக்க இந்த முறை பயன்படுகிறது. பயனுள்ள வினை, அருமையான வினை. அதில் எனக்கு ஐயமில்லை. இடப்பெயர்ச்சியைக் கற்பிக்க இது நல்ல முதல் பாடமா என்பதுதான் கேள்வி.

மாணவனின் கண்ணிலிருந்து பாருங்கள். முதலாவதாக, அவன் பார்ப்பது நெருப்பை. நெருப்பு என்றால் ஏதோ ஒன்று காற்றில் எரிகிறது என்பதே அவன் அதுவரை அறிந்த பாடம். இங்கே ஆக்ஸிஜன் காற்றிலிருந்து வரவில்லை, இரும்பு ஆக்ஸைடிலிருந்து வருகிறது. இந்த வினையின் உயிர்நாடியே அதுதான். ஆனால் நெருப்பைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டாவதாக, வினையைத் தொடங்கி வைக்க மெக்னீசியம் நாடா தேவைப்படுகிறது. கலவையில் சேராத ஓர் உலோகம் எல்லாருக்கும் முன்னால் எரிகிறது. “மெக்னீசியம் எரிஞ்சது” என்று சொன்ன சிறுமி தவறாகப் பார்க்கவில்லை; அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

மூன்றாவதாக, இடம்பெயர்ந்த உலோகத்தை யாரும் பார்ப்பதில்லை. வெப்பநிலை 2,500 டிகிரி செல்சியஸை நெருங்குகிறது. இரும்போ 1,538 டிகிரியிலேயே உருகிவிடும். அந்த ஒளியை நேராகப் பார்ப்பதும் கண்ணுக்குக் கேடு. ஆக, எல்லாரும் பார்க்க வேண்டும் என்று செய்துகாட்டும் சோதனையில், முக்கியமான கட்டத்தில் யாரும் பார்க்கக் கூடாது!

நான்காவதாக, ஆறிய பிறகு அந்தக் கட்டியில் காந்தத்தை ஒட்டவைத்து, “பாருங்கள், இரும்பு!” என்று காட்டுகிறார்கள். தொடக்கத்தில் எடுத்தது சிவந்த இரும்பு ஆக்ஸைடானால் இந்தச் சோதனைக்கு ஓரளவு பொருளுண்டு. அதைச் சாதாரணக் காந்தம் சட்டென்று இழுக்காது. கறுப்பு இரும்பு ஆக்ஸைடை எடுத்திருந்தால் அதைத் தொடக்கத்திலேயே காந்தம் இழுத்திருக்கும். அப்போது காந்தம் எதை நிரூபித்தது? கட்டியைச் சுத்தியலால் தட்டி, ஆக்ஸைடு போல நொறுங்காமல் உலோகம் போலத் தட்டையாகிறது என்று காட்டினால்தான் அது சான்று. நான் பார்த்த கண்காட்சிகளில் சுத்தியலை யாரும் எடுத்ததில்லை. அதற்குள் கூட்டம் அடுத்த மேசைக்குப் போய்விடுகிறது.

ஆபத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை. உருகிய இரும்பு ஈர மணலில் விழுந்தால் நீராவி திடீரெனப் பெருகி, குழம்பை நாலாபுறமும் வாரியடிக்கும். அணைக்கப் போகிறேன் என்று தண்ணீரை ஊற்றினால் விபரீதம் இன்னும் பெரிதாகும். பயிற்சியும் பாதுகாப்பு ஏற்பாடும் உள்ள ஆசிரியர் தவிர வேறு யாரும் இதில் கை வைக்கக் கூடாது. மாணவர்களே, வீட்டில் இதை முயல வேண்டாம். இது வெறும் சம்பிரதாய எச்சரிக்கையன்று.

ஆணி சொல்லும் உண்மை

அப்படியானால் பழைய ஆணிச் சோதனையே போதுமே என்பீர்கள். போதும்தான், அதை நேர்மையாகச் செய்தால்.

பத்தாம் வகுப்பு மாணவர் எல்லாருக்கும் அது தெரியும். உப்புத்தாளால் தேய்த்த ஆணியை மயில்துத்தக் கரைசலில் இருபது நிமிடம் வைக்க வேண்டும். ஆணியில் செம்பழுப்புப் படிவு உண்டாகும். நீலக் கரைசல் வெளிர்பச்சையாகும். இது புத்தகம் சொல்வது. சோதனைக் குழாய் சொல்வதைக் கேட்டிருக்கிறீர்களா? படிவு ஆணியில் சில நிமிடங்களிலேயே வந்துவிடும், உண்மை. ஆனால் இருபது நிமிடத்தில் நீலம் சற்றே வெளிறியது போலத் தோன்றலாம், தோன்றாமலும் போகலாம். கரைசலில் உள்ள செம்பு அதிகம், ஆணியின் பரப்போ கொஞ்சம். பச்சை நிறத்தைப் பார்க்க மறுநாள்வரை காத்திருக்க வேண்டிவரும். அதற்குள் காற்று பட்டுக் கரைசல் மஞ்சளும் பழுப்புமாகக் கலங்கினாலும் வியப்பில்லை. இரும்பு அயனி மேலும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்திருக்கும்.

ஆணிக்குப் பதில் துத்தநாகத் துண்டைப் போட்டால் கதையே வேறு. படிவது செம்புதான். ஆனால் பெரும்பாலும் அது கறுப்பாகத்தான் தெரியும். வினை வேகமாக நடப்பதால் செம்பு மிக நுண்ணிய துகளாகப் படிகிறது. ஒளி அந்தத் துகள்களுக்கிடையே சிக்கித் திரும்பி வருவதில்லை. பாத்திரக்கடையில் பளபளக்கும் செம்புக் குடத்தின் நிறம் அதில் இராது.

ஒரு பள்ளியில் செய்முறைத் தேர்வு நடத்தப் போனபோது மாணவியொருத்தியின் ரெக்கார்டு நோட்டைப் புரட்டினேன். துத்தநாகச் சோதனைக்கு எதிரே, ‘கண்டறிதல்’ என்ற கட்டத்தில், ‘கறுப்பு நிறப் பொடி படிந்தது’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையால் ஒரு கோடு. பக்கத்தில் திருத்தம்: ‘செம்பழுப்பு’. அதற்குக் கீழே அடுத்த சோதனைகளைப் பார்த்தேன். அதன்பிறகு அவள் எழுதிய ஒரு வரிகூடப் புத்தகத்திலிருந்து மாறவில்லை.

மாணவர்களே, ஆசிரியர்களே, நான் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது திடலில் பறந்த தீப்பொறியன்று. அந்தச் சிவப்புக் கோடுதான். அந்தப் பெண் அன்று வேதியியல் கற்றுக்கொண்டாளா என்பது எனக்குத் தெரியாது. கண்ணால் கண்டதை எழுதினால் அடிவிழும், புத்தகத்தில் உள்ளதை எழுதினால் மதிப்பெண் விழும் என்பதை நிச்சயம் கற்றுக்கொண்டாள்.

ஆர்ப்பாட்டமான சோதனையும் அடித்துத் திருத்திய நோட்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றும். உண்மையில் இரண்டும் ஒரே தவற்றின் இரு பக்கங்கள். ஒன்று, கண்ணைக் கூசச் செய்து கேள்வியை மறக்கடிக்கிறது. மற்றொன்று, கண் சொன்னதை மையால் அடிக்கிறது. இரண்டிலும் மாணவன் பார்ப்பவனாக இல்லை. பார்வையாளனாக மட்டுமே இருக்கிறான்.

எது பெரிய வினை?

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். தெர்மிட்டில் ஒரு கிராம் அலுமினியம் வினைபுரியும்போது வெளிப்படும் வெப்பம் சுமார் 16 கிலோஜூல். மயில்துத்தக் கரைசலில் ஒரு கிராம் மெக்னீசியம் செம்பை இடம்பெயர்க்கும்போது வெளிப்படும் வெப்பம் எவ்வளவு இருக்கும்? ஊகித்துப் பாருங்கள். ஒன்றா, இரண்டா?

சுமார் 22 கிலோஜூல்!

ஆம், சத்தமில்லாமல் டம்ளருக்குள் நடக்கும் வினை, ஒரு கிராம் உலோகத்துக்குக் கணக்கிட்டால், தெர்மிட்டைவிட அதிக வெப்பம் தருகிறது. பிறகு ஏன் அங்கே பொறி பறக்கவில்லை? வெப்பம் எங்கே போகிறது என்பதில்தான் வேறுபாடு. தெர்மிட்டில் ஒரு கிராம் அலுமினியத்தோடு சேர்வது மூன்று கிராம் ஆக்ஸைடு. ஆக 16 கிலோஜூல் வெப்பமும் நான்கு கிராம் பொருளுக்குள்ளேயே, சில நொடிகளுக்குள், அடைபடுகிறது. அது பழுக்காமல் என்ன செய்யும்? மெக்னீசியத்தின் கதை அப்படியன்று. ஒரு கிராம் மெக்னீசியத்துக்குத் தேவையான மயில்துத்தம் பத்துக் கிராமுக்குச் சற்றே அதிகம். அதைக் கால் லிட்டர் நீரில் கரைத்திருந்தால், 22 கிலோஜூல் வெப்பத்தையும் அந்த நீர் வாங்கிக்கொண்டு சுமார் 21 டிகிரி சூடேறும், அவ்வளவுதான். குளிக்கும் வெந்நீரின் சூடு.

ஆகவே ஒரு வினையின் ஆர்ப்பாட்டம், அந்த உலோகம் எலெக்ட்ரானைக் கொடுக்கும் விருப்பத்துக்கு அளவுகோல் ஆகாது. வெப்பம் எத்தனை பொருளில் பரவுகிறது, எவ்வளவு வேகத்தில் வெளிப்படுகிறது என்பவையே ஆர்ப்பாட்டத்தை முடிவுசெய்கின்றன. தீயை மட்டும் பார்த்த மாணவன், ‘அலுமினியம்தான் பயங்கரமான உலோகம், மெக்னீசியம் சாது’ என்ற முடிவுக்கு வந்தால் அவனைக் குறை சொல்ல முடியாது. வினைத்திறன் வரிசையில் மெக்னீசியம் அலுமினியத்துக்கு மேலே இருக்கிறது.

இதை வகுப்பில் காட்டச் செலவு அதிகமில்லை. ஆசிரியரின் மேற்பார்வையில் நான்கு காகிதக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 50 மில்லி லிட்டர் நீரில் 2.5 கிராம் மயில்துத்தத்தைக் கரையுங்கள். முதல் குவளையில் செம்புக் கம்பித் துண்டு. இரண்டாவதில் ஒன்றரைக் கிராம் இரும்புத் தூள். மூன்றாவதில் அதே அளவு துத்தநாகத் தூள். நான்காவதில் பொடியாக நறுக்கிய மெக்னீசியம் நாடா, கால் கிராமுக்குச் சற்று மேல். கலக்கிக்கொண்டே வெப்பமானியைப் பாருங்கள். வெப்பம் சிறிதும் வீணாகாவிட்டால் இரும்புக் குவளை சுமார் 7 டிகிரியும், துத்தநாகக் குவளை சுமார் 10 டிகிரியும், மெக்னீசியக் குவளை சுமார் 25 டிகிரியும் சூடேற வேண்டும் என்று கணக்குச் சொல்கிறது. செம்புக் குவளை அசையாது. உங்களுக்குக் கிடைக்கும் எண்கள் இவற்றிலிருந்து விலகியே இருக்கும். இரும்பு மெதுவாக வினைபுரிவதால் வெப்பத்தின் ஒரு பகுதி காற்றுக்குப் போய்விடும். மெக்னீசியக் குவளையில் ஹைட்ரஜன் குமிழிகளும் அழையா விருந்தாளியாக வரும். ஆகவே அருகில் தீ கூடாது, சன்னலைத் திறந்து வையுங்கள். எண்கள் விலகட்டும். ஏன் விலகின என்று பேசுவதுதான் பாடம். ஆனால் வரிசை மாறாது: செம்பு, இரும்பு, துத்தநாகம், மெக்னீசியம். மனப்பாடம் செய்யச் சொன்ன வரிசையை மாணவன் தன் கையால் வெப்பமானியில் படிக்கிறான்.

வெப்பத்தின் அளவு ஒன்றே வரிசையைத் தீர்மானிப்பதில்லை என்பதை மேல்வகுப்பில் படிப்பீர்கள். இந்த உலோகங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒத்துப்போகின்றன.

அலுமினியம் செய்த சத்தியாக்கிரகம்

ஐந்தாவது குவளை ஒன்றும் வையுங்கள். அதில் அலுமினியத் தாளைப் போடுங்கள். சாப்பாட்டுப் பொட்டலம் மடிக்கும் தாளே போதும். வரிசைப்படி அலுமினியம் துத்தநாகத்துக்கு மேலே இருக்கிறது. ஆகவே செம்பு மளமளவென்று படிய வேண்டும். பார்த்தால் ஒன்றும் நடக்காது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். தாள் அப்படியே மினுங்கிக்கொண்டிருக்கும்.

பல ஆசிரியர்கள் இந்தச் சோதனையை ‘வராத சோதனை’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். என் கருத்தில் இதைவிடச் சிறந்த சோதனை அந்தப் பாடத்திலேயே இல்லை. வகுப்பை அப்படியே நிறுத்தி, “வரிசை பொய்யா, தாள் பொய்யா?” என்று கேளுங்கள். விவாதம் சூடு பிடித்ததும் குவளையில் ஒரு தேக்கரண்டிச் சமையல் உப்பைப் போட்டுக் கலக்குங்கள். சிறிது நேரத்தில் தாளில் ஆங்காங்கே செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றும், குமிழி கிளம்பும், குவளை சூடாகும், தாள் கந்தலாகிப் பிய்ந்துபோகும்.

உப்பு என்ன செய்தது? அலுமினியத்தின்மேல் எப்போதும் மெல்லிய ஆக்ஸைடு படலம் ஒன்று போர்வை போல மூடியிருக்கிறது. செம்பு அயனி உலோகத்தைத் தொடவே அது விடுவதில்லை. உப்பிலுள்ள குளோரைடு அயனி அந்தப் போர்வையை ஆங்காங்கே கிழிக்கிறது. நம் வீட்டு அலுமினியப் பாத்திரம் தண்ணீரில் கரையாமல் இருப்பதும் இந்தப் போர்வையால்தான். வரிசையும் பொய்யன்று, தாளும் பொய்யன்று. ‘நடக்கக் கூடிய வினை’ வேறு, ‘இப்போது நடக்கும் வினை’ வேறு. இவ்வளவு பெரிய உண்மையை எந்தத் தீப்பொறியும் கற்பித்ததில்லை. இதைப் புரிந்துகொண்ட மாணவனுக்கு, தெர்மிட் கலவை ஏன் பற்றவைக்கும்வரை சும்மா இருக்கிறது என்பதும் புரிய ஆரம்பிக்கும்.

ஃபாரடே காட்டிய வழி

“தீயும் ஒளியும் இல்லாவிட்டால் பிள்ளைகள் வேதியியல் பக்கம் திரும்பியும் பார்க்கமாட்டார்கள், முதலில் இழுக்க வேண்டும், பிறகு கற்பிக்கலாம்” என்று என் ஆசிரிய நண்பர் ஒருவர் வாதிடுவார். அவர் சொல்வதில் நியாயம் உண்டு. கரும்பலகையில் சமன்பாட்டை எழுதிப் போட்டுவிட்டு மணி அடித்ததும் போகிற வகுப்பைவிட, ஆண்டுக்கு ஒரு முறை பொறி பறக்கும் வகுப்பு ஆயிரம் மடங்கு மேல். இன்று கைப்பேசியில் காணொளியைக் காட்டி முடித்துவிடுவதைவிடவும் மேல்.

ஆனால் இழுப்பதும் கற்பிப்பதும் தனித்தனி வேலைகள்தானா? 1860-ஆம் ஆண்டின் கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றி ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். நீரிலிருந்து ஹைட்ரஜனை உலோகங்கள் வெளியேற்றுவதை அவற்றில் செய்து காட்டினார். அதுவும் ஓர் இடப்பெயர்ச்சியே. அவரும் தீ காட்டினார். பொட்டாசியத்தை நீரில் போட்டுச் சுடர்விட்டு ஓடச்செய்தார். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. நீராவியைப் பழுக்கக் காய்ச்சிய குழாயிலுள்ள இரும்புத் துருவலின் வழியே செலுத்தி, அங்கும் ஹைட்ரஜன் வருவதைக் காட்டினார். பிறகு துத்தநாகத்தை எடுத்து, அது நீரில் சும்மா இருப்பதற்கு மேலே மூடிய படலமே காரணம் என்று சொல்லி, அமிலம் சேர்த்து அதை வேலை செய்யவைத்தார்.

பொட்டாசியத்தின் தீ அங்கே தனியாக நிற்கவில்லை. பக்கத்தில் சூட்டைக் கேட்கும் இரும்பும், அமிலத்தைக் கேட்கும் துத்தநாகமும் நின்றன. ‘ஒரே வேலையை ஏன் மூன்றும் மூன்று விதமாகச் செய்கின்றன?’ என்ற கேள்வி சிறுவர்கள் மனத்தில் தானே எழும். தீ ஒரு படி. ஏணி வேறு பல படிகளால் ஆனது. நம் கண்காட்சிகளில் நாம் ஏணியைத் தூக்கி எறிந்துவிட்டு உச்சிப் படியை மட்டும் அந்தரத்தில் தொங்கவிடுகிறோம்.

என்ன செய்யலாம்?

தெர்மிட்டைத் தடைசெய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது கடைசியில் வரட்டும் என்கிறேன். முதல் வாரத்தில் ஆணி. அதை மறுநாள்வரை வைத்திருந்து பார்க்கும் பொறுமை. இரண்டாவது வாரத்தில் நான்கு குவளைகளும் வெப்பமானியும். மூன்றாவது வாரத்தில் அடம்பிடிக்கும் அலுமினியத் தாள். இவையெல்லாம் முடிந்தபின், பயிற்சி பெற்ற ஆசிரியர் தக்க பாதுகாப்போடு தெர்மிட்டைச் செய்து காட்டினால், அதே மாணவன் அதைப் பார்க்கும் பார்வையே வேறாக இருக்கும். “போர்வை கிழிந்துவிட்டது, வெப்பத்தை வாங்கிக்கொள்ள இங்கே தண்ணீர் இல்லை” என்று அவன் தனக்குள் சொல்லிக்கொள்வான். ஆறிய கட்டியைச் சுத்தியலால் தட்டிப் பார்க்க அவனே முந்துவான். இரும்பு சட்டியிலிருந்து வந்தது என்று சொல்லமாட்டான்.

செய்து காட்டும் முன் ஒரு நிமிடம் ஒதுக்கி, என்ன நடக்கும் என்று ஒவ்வொரு மாணவனையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். முடிந்தபின், நடந்ததை எழுதச் சொல்லுங்கள். இரண்டும் மாறுபட்டால் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், ‘ஏன்?’ என்று மட்டும் எழுதுங்கள். சிவப்பு மையால் எழுதினாலும் பரவாயில்லை.

இன்னொன்று. சோதனை முடிந்தபின் மிஞ்சும் நீலக் கரைசலைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். செம்பு உப்பு மீனுக்கும் நீர்வாழ் உயிர்களுக்கும் நஞ்சு. ஒரு பெரிய புட்டியில் அதை ஊற்றி, துருப்பிடித்த ஆணி, பழைய பிளேடு, சைக்கிள் கடையில் கிடைக்கும் இரும்புத் துண்டு என்று கிடைத்ததைப் போட்டு ஆய்வகத்தின் மூலையில் வையுங்கள். வாயை இறுக மூட வேண்டாம். நாளாக ஆக நீலம் மறையும். அடியில் செம்பு சேரும். 11-ஆம் நூற்றாண்டில் சீனர்கள் சுரங்கத்திலிருந்து கசிந்த நீலநீரில் இரும்புத் தகடுகளை ஊறவைத்துச் செம்பு எடுத்ததும் இதே வழியில்தான். கைதட்டல் இல்லை, பொறி இல்லை. வாரம் ஒருமுறை புட்டியைப் பார்க்க ஒரு மாணவனை நியமியுங்கள். தேதி போட்டு நிறத்தை எழுதி வரட்டும்.

அவன் ஒரு நாள் வந்து, “சார், புத்தகத்தில் பச்சை என்று இருக்கிறது, இது பழுப்பாக இருக்கிறதே!” என்று கேட்பான். அன்று உங்கள் பள்ளியில் வேதியியல் வகுப்பு தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.